ரிட்டிகல: மன்னார் வயல்களுக்கும் உரித்தான மலை

கண்டியிலிருந்து வடக்கு நோக்கிப் பயணிப்பவருக்கு மாத்தளைக் குன்றுகளைத் தாண்டிய பின்னர் நிலம் மெல்ல மெல்லத் தட்டையாகிவிடும். அங்கிருந்து கடல் கடந்து தென்னிந்தியாவின் மலைகளை எட்டும்வரை, ரிட்டிகல மலையை விட உயர்ந்த நிலம் இடையில் எங்கும் இல்லை. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 766 மீற்றர். சூழவுள்ள சமவெளியிலிருந்து அளந்தால் ஏறத்தாழ 600 மீற்றர். 2,524 மீற்றர் உயர்ந்து நிற்கும் பிதுருதலாகலையோடு ஒப்பிட்டால் இதனைக் குன்று என்றுதான் சொல்ல வேண்டும். ஆயினும் ஒரு நிலத்தின் வாழ்வில் மலையொன்றின் பங்கு எத்தகையது என்பதை அதன் உயரம் மட்டும் சொல்லிவிடுவதில்லை. அது நிற்கும் இடமும் சேர்ந்தே சொல்கிறது.

அநுராதபுர மாவட்டத்தில், மரதன்கடவலையிலிருந்து ஹபரணைக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்கு அப்பால், காடு போர்த்தி நிற்கும் இம்மலையை நம்மவர்களில் பலர் பேருந்தின் யன்னலூடாகக் கண்டிருப்பர். கிழக்கே திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் போகும் வழியில் தூரத்தே தெரியும் ஒரு நீல நிழல் என்பதற்கு மேல் அது நம் எண்ணத்தில் இடம்பிடித்ததில்லை. இராமாயணக் கதை மரபில் நாட்டமுள்ளோர், அனுமன் சஞ்சீவி மலையைச் சுமந்து வந்தபோது சிதறிய துண்டுகளில் ஒன்று என இதனைக் கூறுவர். அதே கதை மரபில் மன்னாரின் தள்ளாடியும் மற்றொரு துண்டு விழுந்த இடமாகச் சொல்லப்படுகிறது. மன்னாரில் பிறந்தவன் என்ற முறையில் அந்தக் கதையை நான் இரசிக்கிறேன். ஆயினும் ரிட்டிகலவையும் மன்னாரையும் இணைக்கும் கயிறு கதையில் மட்டும் இல்லை. அது நீரில் இருக்கிறது.

மல்வத்து ஓயா என்று சிங்களத்திலும், அதன் கீழ்ப்பகுதியில் அருவி ஆறு என்று தமிழிலும் வழங்கப்படும் ஆறு, ரிட்டிகல மலையையும் அதனை அண்டிய உயர்நிலங்களையும் தலைப்பாகக் கொண்டு புறப்படுகிறது. இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு இது. நீளம் 164 கிலோமீற்றர். நாச்சதூவ குளத்துக்கு நீர் தந்து, பழைய தலைநகரான அநுராதபுரத்தின் ஓரமாக ஓடி, வடமேற்கே திரும்பி, மன்னார் வளைகுடாவில் சங்கமிக்கிறது. கடலை அடையும் முன்னர் தேக்கம் அணைக்கட்டில் மறிக்கப்படும் அதன் நீர், தாதுசேன மன்னனோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் கட்டுக்கரைக் குளத்துக்கு வாய்க்கால் வழியே சென்று சேர்கிறது. மாந்தையிலும் நானாட்டானிலும் விளையும் நெல்லின் பெரும்பங்கு அந்தக் குளத்தை நம்பியது. ரிட்டிகலவின் மறுபுறச் சரிவுகளிலிருந்து ஊறும் நீர், யான் ஓயாவாக ஹுருலு வாவியை நிரப்பி வடகிழக்கே ஓடி, திருகோணமலைக்கு வடக்கே கடலோடு கலக்கிறது. ஒரே மலை மேற்குக் கரைக்கு ஓர் ஆற்றையும் கிழக்குக் கரைக்கு இன்னோர் ஆற்றையும் அனுப்பிவைக்கிறது. இரு ஆறுகளின் முடிவிலும் தமிழ் பேசும் மக்கள் வாழ்கின்றனர்.

மிகைப்படுத்தல் இங்கு உதவாது. மூவாயிரம் சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான பரப்பிலிருந்து நீரைத் திரட்டும் ஓர் ஆற்றுக்கு, பதினைந்து சதுர கிலோமீற்றர் அளவேயான மலையொன்று முழு நீரையும் கொடுத்துவிட முடியாது. மாரியில் பாயும் வெள்ளம் சமவெளியின் மழையிலிருந்தே பெரும்பாலும் வருகிறது. மலையின் பங்கு வேறு விதமானது. காடு மூடிய சரிவில் விழும் மழைத்துளி முதலில் இலையிலும், பின்னர் சருகுப் படுக்கையிலும் வேகம் குறைந்து, வேர்கள் துளைத்த மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்புகளில் தங்கி, வாரங்கள் கழிந்தபின் ஊற்றாகக் கசிகிறது. மரம் நீங்கிய சரிவில் அதே துளி மண்ணையும் வாரிக்கொண்டு மணிக்கணக்கில் கீழே வந்துவிடும். முன்னையது ஓடைக்கு உயிர் கொடுக்கும். பின்னையது குளத்தில் வண்டலாகப் படியும். குளங்களைத் தூர்வாருவதற்கு ஆண்டுதோறும் நிதி கேட்கும் நாம், வண்டல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை அரிதாகவே எழுப்புகிறோம்.

இம்மலையின் மற்றொரு விந்தை அதன் உச்சியில் இருக்கிறது. நம் நாட்டின் பருவக் காற்றுகளை அறிந்தவர்களுக்கு அதனை விளக்குவது கடினமன்று. வடக்கிலும் கிழக்கிலும் மழை தருவது வாடைக்காற்று எனப்படும் வடகீழ்ப் பருவக் காற்றே. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக் காற்று தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு நம்மிடம் வருகிறது. யாழ்ப்பாணத்தார் சோளகம் என்றும் கிழக்கிலங்கையார் கச்சான் என்றும் சொல்லும் அந்த வறண்ட காற்றில் குளங்கள் வற்றும், புல் கருகும். உலர் வலயம் என்ற பெயர் அதனால் வந்ததே.

ஆனால் ரிட்டிகலவின் உச்சியில் நிலைமை வேறு. வாடைக்காற்று ஈரத்தோடு வந்து மலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து, சமவெளியை விட மிகுதியான மழையை அங்கே பொழிகிறது. சோளகக் காலத்திலும், காற்றில் எஞ்சியிருக்கும் சிறிதளவு ஈரம் சரிவின் வழியே உயர்ந்து மூடுபனியாகவும் மேகமாகவும் உச்சியைத் தொடுகிறது. உயரம் 100 மீற்றர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 0.6 பாகை குறையும் என்பது பள்ளிப் புவியியல். அக்கணக்கில் உச்சி, அடிவாரத்தைக் காட்டிலும் மூன்றரைப் பாகை அளவு குளிர்ந்தது. இந்தச் சிறு வேறுபாடும் மேகத்தின் ஈரமும் சேர்ந்து, வறண்ட காட்டின் நடுவே ஈர வலயத்தின் ஒரு தீவினைப் படைத்துவிட்டன.

அடிவாரத்தில் காண்பன பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று வன்னிக் காட்டில் நாம் பழகிய மரங்களே. யானையும் கரடியும் சிறுத்தையும் உலவும் காடு அது. மேலே ஏற ஏற மரங்கள் குட்டையாகின்றன, கிளைகள் முறுக்கிக்கொள்கின்றன, பட்டைகளில் பாசியும் பன்னமும் ஓர்க்கிட்டுகளும் தொற்றி வளர்கின்றன. மலைநாட்டில் இத்தகைய முகிற்காட்டைக் காண நுவரெலியா, ஹோட்டன் சமவெளி வரை ஏற வேண்டும். ரிட்டிகலவில் அதன் சாயலை 766 மீற்றருக்குள்ளேயே காணலாம். பெரிய மலைத்தொடர்கள் வெயிலில் சூடேறித் தம் மேலுள்ள காற்றையும் வெதுவெதுப்பாக்குவதால் அங்கு மேக வலயம் மேலே தள்ளப்படுகிறது. சமவெளியில் தனித்து நிற்கும் சிறு மலைகளில் அவ்வாறு நிகழ்வதில்லை. மேக வலயம் தாழ இறங்குகிறது. சிறியதாகவும் தனியாகவும் இருப்பதே இம்மலைக்குக் கிடைத்த வரம்.

இந்தத் தனிமை உலக விஞ்ஞான வரலாற்றிலும் ரிட்டிகலவுக்கு ஓர் இடம் பெற்றுத் தந்திருக்கிறது. அது நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி ட்ரைமன் இம்மலையின் தாவரங்களைத் திரட்டி ஆராய்ந்தார். உலகில் வேறெங்கும் அறியப்படாத சில இனங்கள் இங்கு இருப்பது அவரால் தெரியவந்தது. அவற்றுள் ஒன்று, நம் வீட்டு முற்றத்துக் கற்பூரவள்ளியின் உறவான கோலியஸ் எலோங்கேட்டஸ் என்ற சிறு செடி. ட்ரைமனுக்குப் பின் அப்பதவிக்கு வந்த ஜோன் கிறிஸ்டோபர் வில்லிஸ், 1906இல் ரிட்டிகலவின் தாவரங்களைப் பற்றித் தனி ஆய்வொன்றை வெளியிட்டார்.

வில்லிஸை உறுத்திய கேள்வி எளியது. தெற்கே மலைநாட்டின் ஈரக்காட்டுக்கும் ரிட்டிகலவின் உச்சிக்கும் இடையில் வறண்ட சமவெளி பரந்து கிடக்கிறது. அப்படியிருக்க, ஈர வலயத் தாவரங்கள் இங்கு எப்படி வந்து சேர்ந்தன? ஓர்க்கிட்டின் விதை தூசியைப் போன்றது. பன்னத்தின் வித்தி அதனினும் நுண்ணியது. காற்று அவற்றைச் சுமக்கும். பழங்களை உண்ணும் பறவைகள் வேறு விதைகளைக் கொண்டுவரும். சரி, வந்து சேர்ந்தவை இருக்கட்டும். இங்கு மட்டுமே உள்ளவை எவ்வாறு தோன்றின? ஒரு சிறு இடத்தில் மட்டும் வாழும் இனங்கள், முன்னொரு காலத்தில் பரந்து வாழ்ந்து இப்போது அழிவின் விளிம்பில் நிற்கும் எச்சங்கள் என்பதே அன்று பலரும் கொண்டிருந்த கருத்து. ரிட்டிகலவின் கோலியஸையும், பல நாடுகளில் பரவியுள்ள அதன் உறவான கோலியஸ் பார்பேட்டஸையும் ஒப்பிட்ட வில்லிஸ், இது முதிய எச்சமன்று, புதிதாய்ப் பிறந்து இன்னும் பரவக் காலம் கிடைக்காத இளைய இனம் என்று வாதிட்டார். ஓர் இனம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பரப்பை அது பிடித்திருக்கும் என்ற அவரது கோட்பாடு, ‘வயதும் பரப்பும்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1922இல் நூலாக வந்தது.

அக்கோட்பாடு பின்னர் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளாயிற்று. குறுகிய இடத்தில் வாழும் இனங்களில் புதியனவும் உண்டு, முதிய எச்சங்களும் உண்டு என்பதே இன்றைய புரிதல். ஆயினும் தீவுகளிலும் மலையுச்சிகளிலும் உயிரினங்கள் எவ்வாறு பரவுகின்றன, எவ்வாறு பிரிகின்றன என்ற விவாதத்துக்கு அவர் ஊட்டிய வேகம் உண்மையானது. அவ்விவாதத்தின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று நம் நாட்டின் உலர் வலயத்தில் நிற்கும் ஒரு சிறு மலை. நம் பாடசாலைகளின் உயிரியல் வகுப்புகளில் கலாபகொஸ் தீவுகளைப் பற்றிச் சொல்லும்போது, இருபது நிமிடம் ஒதுக்கி ரிட்டிகலவைப் பற்றியும் சொல்லலாம் என்பது என் தாழ்மையான கருத்து. தொலைதூரத் தீவொன்றைக் காட்டிலும், நாளை பேருந்தேறிப் போய்ப் பார்க்கத்தக்க மலை மாணவனின் உள்ளத்தில் ஆழமாகப் பதியும்.

மனிதர் இம்மலையில் வாழ்ந்த விதமும் கவனத்துக்குரியது. பாளி நூல்கள் அரிட்ட மலை என்று குறிப்பிடுவது இதனையே. பண்டுகாபய மன்னன் ஆட்சியைக் கைப்பற்றப் போர் தொடுக்குமுன் இங்கு தங்கியிருந்தான் என்கிறது மகாவம்சம். மலையின் குகைகளில் பழைய பிராமிக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. 9ஆம் நூற்றாண்டில் முதலாம் சேன மன்னன், கந்தைத் துணிகளை மட்டுமே உடுத்திக் கடுந்துறவு பூண்ட பாம்சுகூலிக பிக்குகளுக்காக இங்கு மடம் அமைத்தான். கிழக்கு அடிவாரத்தில் இன்றும் காணக் கிடக்கும் அவ்விடிபாடுகளை நான் நடந்து பார்த்திருக்கிறேன். பந்தா பொக்குண எனப்படும் பெரிய தடாகம், காட்டினூடே வளைந்து ஏறும் கற்பாதை, கற்பாலத்தால் இணைக்கப்பட்ட இரட்டை மேடைகள், மருந்து அரைத்த கற்கள் கிடக்கும் மருத்துவச்சாலை ஆகியன அங்குண்டு. தாதுகோபமோ புத்தர் சிலையோ அங்கில்லை. பாதை, மரங்களுக்கு வழிவிட்டு வளைந்து செல்கிறது. கற்பலகைகளை அத்தனை நேர்த்தியாகச் செதுக்கத் தெரிந்தவர்களுக்கு, காட்டை வெட்டி ஒரு நேர்கோட்டு வீதியை அமைக்கத் தெரியாமலிருந்திருக்க முடியாது. அவர்கள் அவ்வாறு செய்யவில்லை, அவ்வளவே.

அநுராதபுர இராசதானி சோழர் படையெடுப்போடு வீழ்ந்த பின்னர் மடமும் வெறிச்சோடிப்போயிற்று. காடு கல்லை மீண்டும் மூடிக்கொண்டது. 1893இல் தொல்பொருள் ஆணையாளர் எச்.சி.பி. பெல் இவ்விடிபாடுகளை ஆராய்ந்து பதிவு செய்தார். 1941இல் மலை முழுவதும், 1,528 ஹெக்டேயர் பரப்பளவில், தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின் கீழ் கடும் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஏக்கரில் சொன்னால் ஏறத்தாழ 3,775. சட்டம் வழங்கும் பாதுகாப்பு வகைகளில் இதுவே மிக இறுக்கமானது. அனுமதி பெற்ற ஆராய்ச்சியாளர்களைத் தவிர வேறெவரும் உள்ளே செல்ல முடியாது. ஹக்கலயும் யாலவின் ஒரு பகுதியும் ரிட்டிகலவோடு இவ்வகையில் அடங்கும். பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது தொல்பொருட் பகுதி மட்டுமே.

அப்படியாயின் கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மூன்று காரணங்களை நான் காண்கிறேன்.

முதலாவது, வரைபடத்தில் இழுத்த எல்லைக்கோடு நெருப்புக்குத் தெரியாது. சோளகக் காலத்தின் கடும் வறட்சியில், சேனைக்காக மூட்டப்படும் தீயோ வேட்டைக்காரர் வைக்கும் தீயோ புல்வெளியினூடே பரவிக் காட்டின் விளிம்பை உண்ணத் தொடங்கினால், ஒவ்வோர் ஆண்டும் விளிம்பு சில அடிகள் பின்வாங்கும். எரிந்த இடத்தில் முதலில் முளைப்பவை கினிப்புல்லும் நாயுண்ணியுமே. அவை அடுத்த ஆண்டின் தீக்கு விறகு. பரந்த காட்டுக்கு இது காயம். சிறிய மலைக்காட்டுக்கு இது நோய்.

இரண்டாவது, ஒதுக்கிடம் சிறியது. யானைக்குப் பதினைந்து சதுர கிலோமீற்றர் போதாது. கிழக்கே 1977இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஹுருலு வனத்தோடும் ஏனைய காடுகளோடும் ரிட்டிகலவை இணைக்கும் பசுமை அறுந்தால், யானை வயலுக்கு வரும். வயலுக்கு வரும் யானை சாகும். சில வேளைகளில் விவசாயியும் சாவான். பறவைகளுக்கும் இதே கதி வேறு வடிவில் நேரும். விதை சுமந்து வந்த சிறகுகள் வராத மலையில் காடு புதுப்பிக்கப்படுவதில்லை.

மூன்றாவது, எந்த வேலியாலும் தடுக்க முடியாதது. பூமி வெப்பமடையும்போது தாவரங்களும் விலங்குகளும் குளிர்ச்சி தேடி உயரே நகர்கின்றன என்பது உலகின் பல மலைகளில் அவதானிக்கப்பட்ட உண்மை. நுவரெலியாவின் சரிவில் வாழும் செடிக்கு ஏறிச் செல்ல இன்னும் மலை இருக்கிறது. ரிட்டிகலவின் உச்சியில் வாழும் செடிக்கு மேலே வானம் மட்டுமே. மேகத்தின் அடிப்பகுதி நூறு மீற்றர் உயர்ந்தாலே, அதனை நம்பி வாழும் பாசியும் பன்னமும் வெயிலில் நிற்கும். சிறியதாகவும் தனியாகவும் இருப்பது இம்மலைக்கு வரம் என்று மேலே சொன்னேன். காலநிலை மாறும் நூற்றாண்டில் அதே வரம் சாபமாகத் திரும்பக்கூடும்.

என்ன செய்யலாம்? கீழ் மல்வத்து ஓயாத் திட்டம் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. எவ்வளவு நீரைத் தேக்குவது, யாருடைய நிலம் மூழ்கும், யாருக்கு முதலில் நீர் என்பன நியாயமான கேள்விகள். அவற்றை மன்னார், வவுனியா விவசாயிகள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஆற்றின் கீழ்ப்பகுதிக்குச் செலவிடப்படும் பணத்தில் ஒரு சிறு பகுதியேனும் அதன் தலைப்புக்குச் செல்ல வேண்டும் என்று ஏன் நாம் கேட்பதில்லை? வறட்சிக்கு முன்னதாகத் தீத்தடுப்புக் கோடுகளை வெட்டுவதற்கும், அடிவாரக் கிராமங்களின் சிறுகுளத் தொடர்களைத் திருத்துவதற்கும், மலையுச்சியில் மழையையும் வெப்பத்தையும் ஈரத்தையும் தொடர்ந்து அளக்கும் ஒரு தானியங்கி நிலையத்துக்கும் ஆகும் செலவு, ஓர் அணைக்கட்டின் கணக்கில் எண்ணத்தக்கதன்று. ஒன்றின் கழிவுநீரை அடுத்தது ஏந்திக்கொள்ளும் நம் உலர் வலயக் குளத்தொடர் முறையை, உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு அங்கீகரித்திருக்கிறது. அந்த மரபில் குளத்துக்கு மேலே காட்டை விட்டுவைப்பது கட்டாயம். முன்னோர் சட்டம் போட்டுச் செய்யவில்லை. குளம் வற்றும் என்ற அச்சத்தால் செய்தனர்.

யாழ்ப்பாணம், கிழக்கு, ரஜரட்டைப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இம்மலையின் தாவரங்களை மீண்டும் கணக்கெடுக்கும் பணியில் ஈடுபடலாம். வில்லிஸ் விட்டுச்சென்ற பட்டியல் நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. அதனோடு ஒப்பிட்டால்தான் எவை நிலைத்தன, எவை மறைந்தன என்பது புலப்படும். அனுமதியோடு ஆராய்ச்சி செய்வதற்குச் சட்டம் இடம் தருகிறது. அந்த இடத்தை நாம் பயன்படுத்துவதே குறைவு.

நம் நாட்டில் மலைகளும் இடிபாடுகளும் பெரும்பாலும் உரிமைச் சண்டைக்கே பேசுபொருளாகின்றன. இது யாருடைய மலை என்ற கேள்வி எழுந்தவுடன், மரத்தைப் பற்றியும் நீரைப் பற்றியும் பேசுபவர் இல்லாமற் போகின்றனர். ரிட்டிகலவின் அடிவாரத்தில் சிங்கள விவசாயியின் குளம் இருக்கிறது. அதே நீரின் கடைசிச் சொட்டில் நானாட்டானின் தமிழ் விவசாயியும் முசலியின் முஸ்லிம் விவசாயியும் பங்கு கொள்கின்றனர். மூவரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசத்தக்க பொருள் ஒன்று உண்டெனில், அது பெரும்போகத்துக்கு முன் அந்த மலையில் காடு எப்படி இருக்கிறது என்பதாகவே இருக்க முடியும். வாய்க்காலில் நீர் குறையும்போது மேல்மடைக்காரனை மட்டும் கேட்பது நம் வழக்கம். இனி மேல்மடைக்கும் மேலே நிற்கும் மலையைப் பற்றியும் கேட்போம்.